ஏறணும்னா மொதல்ல இறங்கணும்: பெரு டைரி

நாள் 1, லிமா

ஹூஸ்டன்ல மச்சான் வீட்டுல பத்து நாளா உக்காந்து சாப்பிட்டதுல பேன்ட் பட்டன் போட முடியல, அந்த நேரம் பாத்துதான் இந்த பெரு ட்ரிப். ராத்திரி ஃப்ளைட், கிட்டத்தட்ட ஏழு மணி நேரம், விடியக்காலம் லிமா. இந்த மே மாசத்துல ஹூஸ்டனுக்கும் லிமாவுக்கும் ஒரே டைம், வாட்சைத் திருப்புற வேலையே இல்ல.

டீம் மூணு பேர். நான், பீளமேடு பக்கம் மோட்டார் பம்ப் தொழில், வயசு 51. வீட்டுக்காரம்மா, அவங்க நடை எல்லாம் காய்கறி மார்க்கெட் வரைக்கும்தான். அப்புறம் அவங்க அண்ணன், என் மச்சான், வருஷத்துக்கு ரெண்டு ஹாஃப் மாரத்தான் ஓடுற ஆளு, ரெஸ்டிங் பல்ஸ் 52ன்னு வாட்சைக் காட்டிக்கிட்டே இருப்பாரு.

நாங்க பாக்கப் போறது மச்சு பிச்சு, ஸ்பானியர் வர்றதுக்கு முன்னாடி பெருவை ஆண்ட இன்கா ராஜாக்கள் மலை மேல கட்டுன ஊரு. கிளம்புறதுக்கு முன்னாடி எல்லாரும் அது உசரம், மூச்சு திணறும்னு பயமுறுத்துனாங்க. எடுத்துப் பாத்தா மச்சு பிச்சு 2,430 மீட்டர்தான், நம்ம தொட்டபெட்டா 2,637. ஊட்டிக்குப் போய் வறுக்கி தின்னுட்டு வர்ற நமக்கு அதெல்லாம் ஒரு உசரமா. பயப்பட வேண்டியது அதுக்கு முன்னாடி வர்ற குஸ்கோ ஊரு, 3,400 மீட்டர். தென்னிந்தியாவுல ஆனைமுடிதான் உச்சம், 2,695, அது மேல இன்னொரு 700 மீட்டர் ஏறி நின்னா குஸ்கோ. அதுவும் கடலோரத்துல இருக்கற லிமாவுல இருந்து ஒண்ணேகால் மணி நேரத்துல ஃப்ளைட்டு கொண்டு போய் அங்க வச்சிடுது, உடம்புக்கு ஒரு நோட்டீஸ் கூட கிடையாது.

அனுபவப்பட்டவங்க சொல்றது, குஸ்கோவுல இறங்குனதும் அங்க தங்காம கீழ உருபம்பா பள்ளத்தாக்குக்குப் போயிடுங்க, மச்சு பிச்சு பாத்துட்டு கடைசியா குஸ்கோ வாங்கன்னு. ஆனா எங்களுக்கு குஸ்கோவுல மொதல் ரெண்டு ராத்திரி பாதி விலைக்கு ஒரு ஹோட்டல் கிடைச்சுது, கேன்சல் பண்ணா பணம் வராதுங்கற கண்டிஷனோட. பாப்போம்.

மாத்திரை விஷயம். உசரம் உடம்பைப் படுத்தாம இருக்க எங்க டாக்டர் டயமாக்ஸ் 125 எம்.ஜி. காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு எழுதிக் கொடுத்தாரு, ஒரு நாள் முன்னாடியே ஆரம்பிக்கச் சொன்னாரு. நீங்க உங்க டாக்டரைக் கேக்காம வாயில போடாதீங்க. மச்சானுக்கு சல்ஃபா அலர்ஜி, அதனால அவருக்கு மட்டும் வேண்டாம்னுட்டாங்க. "நமக்கு எதுக்கு மாப்ள மாத்திரை, லங்ஸ் இருக்கு"ன்னாரு.

சாயங்காலம் இங்க பிரபலமான இன்கா கோலா வாங்குனேன். பளிச்சுன்னு மஞ்சள் கலர், பபிள்கம் வாசனை. வாயில ஊத்துனா கேஸ் போன சோடா மாதிரி சப்புன்னு இருக்கு. கடைக்காரரை முறைச்சுட்டு இன்னொண்ணு வாங்குனேன், அதுவும் அப்படியே. மச்சான் வாங்கி ஒரு மடக்கு குடிச்சுட்டு "சுர்ருன்னு நல்லாத்தானே இருக்கு"ங்கறாரு. ரூமுக்கு வந்து தேடிப் பாத்தா, டயமாக்ஸ் போட்டவங்களுக்கு கேஸ் உள்ள எதுவும் நாக்குல தெரியாதாம், சோடாவும் சரி பீரும் சரி. பாவம் அந்த கடைக்காரர்.

நாள் 2, குஸ்கோ

பையைத் திறந்தா பருப்புப் பொடி பாக்கெட் பலூன் மாதிரி உப்பிக்கிட்டு நிக்குது. ஷாம்பூ பாட்டில் மூடியைத் தொட்டதும் சட்டையெல்லாம் ஷாம்பூ. அப்பவே புரிஞ்சுருக்கணும்.

இங்க காத்துல ஆக்ஸிஜன் கம்மின்னு எல்லாரும் சொல்றோம், அது சரியில்ல. சதவீதம் எங்கயும் அதே 21தான், குறையறது அழுத்தம். நம்ம பம்ப் லைன்ல இருக்கறவங்களுக்கு சுலபமா சொல்லிடலாம். பம்ப்பு தண்ணிய இழுக்கறதே இல்ல, வெளிய இருக்கற காத்துதான் கிணத்துத் தண்ணிய அமுக்கி பைப்புக்குள்ள ஏத்தி விடுது, அதனாலதான் கடல் மட்டத்துல சக்‌ஷன் லிஃப்ட் ஏட்டுக் கணக்குப்படியே 10.3 மீட்டர், அதுக்கு மேல எந்தக் கொம்பன் கம்பெனி பம்ப்பும் எடுக்காது. குஸ்கோவுல காத்தோட அமுக்கம் மூணுல ரெண்டு பங்குதான், அப்ப 6.8 மீட்டர். நுரையீரலும் அதே கதைதான், நாம எவ்வளவு இழுத்தாலும் அந்தப் பக்கத்துல இருந்து தள்ளுறதுக்கு ஆள் பத்தல. மாரத்தான் ஓடுற நெஞ்சா, மார்க்கெட் போற நெஞ்சான்னு காத்துக்குத் தெரியாது. இதை ஏர்போர்ட் கன்வேயர் பெல்ட்டுகிட்ட நின்னு மச்சானுக்கு விளக்கிக்கிட்டு இருந்தேன், பாதியிலேயே எனக்கே மூச்சு வாங்கிடுச்சு.

ஹோட்டல் சான் பிளாஸ்ங்கற மேட்டுத் தெருவுல. கல் பாவுன குறுகலான சந்து, வாசலுக்கு 43 படி. நான் எண்ணுனேன், ஏன்னா வேற வழியில்ல. மூணு தடவை நின்னேன். வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறுனவன் நான், இங்க 15ஆவது படியில செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன், ஒரு பாட்டி முதுகுல துணி மூட்டையில குழந்தையைக் கட்டிக்கிட்டு என்னைத் தாண்டி ஏறிப் போறாங்க. தலைமுறை தலைமுறையா இங்கேயே இருக்கறவங்க ரத்தத்துல ஹீமோகுளோபின் நம்மளை விட அதிகம். அது தெரிஞ்சும் வெக்கமாத்தான் இருந்துச்சு.

ரிசப்ஷன்ல ஒரு கூடை நிறைய கோகா இலை, பக்கத்துல வெந்நீர். இலையைப் போட்டு ஊற வச்சுக் குடிக்கணும், மாத்தே தெ கோகான்னு பேரு. காஞ்ச வைக்கோலும் கிரீன் டீயும் சேந்த ருசி. உயர நோய்க்கு இவங்க வச்சிருக்கற பேரு சொரோச்சே. எந்த ஆளைப் பாத்தாலும் மொதல் கேள்வி சொரோச்சே இருக்கா, நம்மூர்ல சாப்டாச்சான்னு கேக்கற மாதிரி.

ரத்தத்துல ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம்னு விரல்ல மாட்டிப் பாக்கற ஆக்ஸிமீட்டர், கொரோனா டைம்ல வாங்குனது, கையோட கொண்டு வந்திருந்தேன். ஊர்ல 98 காட்டுறது இங்க எனக்கு 86, வீட்டுக்காரம்மாவுக்கு 89, மச்சானுக்கு 82. "மெஷின் ரிப்பேர் மாப்ள"ன்னாரு. இடது கை, வலது கை, கட்டை விரல்னு மாத்தி மாத்தி வச்சுப் பாத்தாரு. 83.

சும்மா படுங்கன்னா கேக்கறாரா, சாயங்காலம் பன்னிரண்டு மூலைக் கல்லைப் பாக்கலாம்னு இழுத்துட்டுப் போனாரு. ஆதுன் ருமியோக்னு ஒரு சந்து, ஒரு பக்கம் முழுக்க இன்கா காலத்துச் செவுரு, நடுவுல பன்னிரண்டு முனை வச்ச ஒரு கல்லு, சுத்தி இருக்கற கல்லெல்லாம் அதுக்கு ஏத்த மாதிரி வெட்டி உக்கார வச்சிருக்காங்க. சாந்து கிடையாது. சொல்லப்போனா இரும்பு உளியும் கிடையாது, கெட்டியான கல்லை வச்சு கல்லைத் தட்டியே செஞ்சது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல விசிட்டிங் கார்டு விட்டுப் பாக்கலாம்னு எடுத்தேன், தொடக்கூடாதுன்னு காவலுக்கு நின்ன அம்மா விசில் ஊதிட்டாங்க.

ராத்திரி சோறு வைக்கலாம்னு ஊர்ல இருந்து கொண்டு வந்த குட்டி கரண்ட் குக்கரை எடுத்தோம், பெருவுல 220 வோல்ட்தான், சொருகுனா ஓடுது. தண்ணி தளதளன்னு கொதிக்குது, அரிசி மட்டும் அரிசியாவே இருக்கு. அரை மணி நேரம், முக்கால் மணி நேரம். இந்த உசரத்துல தண்ணி 88, 89 டிகிரியிலேயே கொதிச்சுடும், அதுக்கு மேல சூடேறாது. "கொதிக்குது ஆனா வேகலைங்க, இப்படி ஒரு ஊரா"ன்னு வீட்டுக்காரம்மா அரை வேக்காட்டுச் சோத்துல பருப்புப் பொடியைப் போட்டு பிசைஞ்சு கொடுத்தாங்க. மச்சான் ரெண்டு வாய் சாப்பிட்டு வேண்டாம்னுட்டாரு. அவரு சோறு வேண்டாம்னு சொல்லி நான் பாத்ததே இல்ல.

நாள் 3, குஸ்கோவிலிருந்து கீழே

ராத்திரி தூக்கமே இல்ல. கண்ணசந்தா மூச்சு நிக்குது, நெசமாவே நிக்குது, நாலஞ்சு செகண்ட் சத்தமே இல்லாம இருந்துட்டு அப்புறம் தண்ணிக்குள்ள இருந்து மேல வந்தவன் மாதிரி அம்பதடி ஆழத்து இழுப்பு ஒண்ணு இழுத்துக்கிட்டு எந்திரிக்கறேன். ரெண்டு தடவை அப்படி ஆனதும் வீட்டுக்காரம்மா தூங்காம என் நெஞ்சு மேல கையை வச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. இது உசரத்துல நிறைய பேருக்கு வர்றதுதானாம். வேகமா மூச்சு விட்டு விட்டு ரத்தத்துல கார்பன் டை ஆக்ஸைடு குறைஞ்சுடுது, மூச்சு விடுன்னு மூளைக்கு ஞாபகப்படுத்துறதே அதுதான், குறைஞ்சதும் மூளை கொஞ்ச நேரம் சும்மா இருந்துடுது. டயமாக்ஸ் அதைச் சரி பண்ணத்தான், கிட்னி வழியா பைகார்பனேட்டை வெளிய தள்ளி மூச்சை ஓட வைக்குது. அதனாலதான் மணிக்கொரு தடவை பாத்ரூம்.

அஞ்சு மணிக்கு பக்கத்து ரூம்ல வாந்தி எடுக்கற சத்தம். மச்சான் கட்டில் விளிம்புல தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு, உதடு லேசா நீலம் பூத்திருக்கு. மெஷின்ல 77. இந்தத் தடவை ரிப்பேர்னு சொல்லல.

ஹோட்டல்ல ஆக்ஸிஜன் சிலிண்டர் வச்சிருந்தாங்க, இங்க நிறைய ஹோட்டல்ல இருக்குமாம், மாஸ்க் மாட்டி விட்டதும் பத்து நிமிஷத்துல 90 தாண்டிடுச்சு, எடுத்தா திரும்ப இறங்குது. டாக்டரம்மா ஒருத்தங்க வந்தாங்க, சின்ன வயசு. நெஞ்சுல ஸ்டெத்தை வச்சு ரொம்ப நேரம் கேட்டாங்க, சளி கட்டியிருக்கா, இருமல் இருக்கா. அப்புறம் எழுப்பி நிறுத்தி, தரையில இருக்கற பலகைக் கோட்டு மேல ஒரு கால் குதிகால் இன்னொரு கால் விரல் நுனியைத் தொடற மாதிரி அடி வச்சு நடக்கச் சொன்னாங்க. போலீஸ்காரங்க குடிச்சவங்களை நடக்க வைப்பாங்களே, அந்த மாதிரி. 52 வயசு ஆளு, பைஜாமாவோட, ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு கோட்டு மேல நடக்கறாரு, நாங்க ரெண்டு பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு பாக்கறோம். நேரா நடந்துட்டாரு. தள்ளாடியிருந்தா மூளையில நீர் கோத்திருக்குன்னு அர்த்தம், படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கி நுரை நுரையா சளி வந்தா நுரையீரல்ல நீர். ரெண்டுமே உயிருக்கு ஆபத்து. இது அந்த ரெண்டும் இல்ல, ஆனா இங்கேயே இருந்தா ஆகாதுன்னு சொல்ல முடியாதுன்னு டிரான்ஸ்லேட் ஆப்புல டைப் பண்ணிக் காட்டுனாங்க.

"இன்னிக்கே கீழ போயிரோணும்ங்க, நாளைக்குன்னு பேச்சே கிடையாது" வீட்டுக்காரம்மா பெட்டியைக் கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. ரெண்டாவது ராத்திரி வாடகை போச்சு. ரிசப்ஷன்ல கேட்டுப் பாத்தேன், ஆஃபர்ல போட்டா அப்படித்தான்னு கையை விரிச்சுட்டாங்க. எனக்கு வயித்தெரிச்சல்தான், ஆனா சிலிண்டரை காசு வாங்காம கொடுத்தவங்ககிட்ட என்ன சண்டை போட.

கார் பிடிச்சோம். இங்க ஒரு வேடிக்கை, குஸ்கோவுல இருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கணும்னா மொதல்ல ஏறணும். சின்செரோ ஊரு 3,760 மீட்டர், அதைத் தாண்டித்தான் இறக்கம். அந்த ஏத்தம் முழுக்க மச்சான் கண்ணை மூடிக்கிட்டு, கையில ஆக்ஸிஜன் கேன், கொசு மருந்து ஸ்ப்ரே மாதிரி ஒரு டப்பா. டிரைவர் கண்ணாடியில பாத்துக்கிட்டே "போகோ அ போகோ"ன்னாரு, கொஞ்சம் கொஞ்சமா, மெதுவான்னு அர்த்தம். அப்புறம் ரோடு வளைஞ்சு வளைஞ்சு இறங்குது, தூரத்துல பனி மலை, கீழ சோளக்காடு, உருபம்பா ஆறு. இறங்க இறங்க காது அடைக்குது.

ஒயாந்தாய்தாம்போ, 2,792 மீட்டர். மதியம் வந்து படுத்தவரு ஆறு மணிக்கு எந்திரிச்சு வந்து "பசிக்குது"ன்னாரு. 89. வெறும் 600 மீட்டர் இறங்குனதுக்கு இவ்வளவு. கீன்வாங்கற தானியத்துல செஞ்ச சூப் ரெண்டு கிண்ணம் குடிச்சாரு. வீட்டுக்காரம்மா அடுப்படிப் பக்கம் திரும்பிக்கிட்டு கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க, நான் பாக்கலன்னு நினைச்சுக்கிட்டு.

நாள் 4, ஒயாந்தாய்தாம்போ

இந்த ஊர்ல நான் ஒரு வாரம் இருப்பேன். தெருவுக்குத் தெரு ஓரமா கல் வாய்க்கா, மலையில இருந்து வர்ற தண்ணி சளசளன்னு ஓடிக்கிட்டே இருக்கு, இன்கா காலத்துல போட்ட அதே தெரு, அதே வாய்க்கா. மோட்டார் கிடையாது, வால்வு கிடையாது. வாட்டம் மட்டும்தான்.

காலையில மச்சானை ஹோட்டல் முத்தத்துல வெயில்ல உக்கார வச்சுட்டு நாங்க ரெண்டு பேரும் இடிபாடு பாக்கப் போனோம். மலைச் சரிவுல ராட்சசப் படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்கா தளம், ஓரமா ஏறிப் போக 200க்கு மேல படி. 20 படி ஏறுனா ஒரு நிமிஷம் நிக்கறதுன்னு சட்டம் போட்டுக்கிட்டு ஏறுனோம். உச்சியில சூரியன் கோயில்னு சொல்ற இடத்துல ஆறு பெரிய கல் பலகை வரிசையா நிக்குது, இளஞ்சிவப்புக் கல்லு, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒல்லியா ஒரு கல் பட்டி. கோயில் முடியவே இல்ல, பாதியில நின்னுடுச்சு. அந்தக் கல்லெல்லாம் எதிர்த்தாப்ல ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற கச்சிகாட்டா மலையில இருந்து வந்தது. சக்கரம் வச்ச வண்டி இல்ல, மாடு குதிரை இல்ல, யாமான்னு இங்க இருக்கற ஒட்டக ஜாதி மிருகத்தால அவ்வளவு கனம் இழுக்க முடியாது. மனுசங்கதான் கயித்தைக் கட்டி மலையில இருந்து சரிச்சு இறக்கி, ஆத்தைத் தாண்டி, மறுபடி சாய்வுப் பாதையில இழுத்து ஏத்தியிருக்காங்க. வழியில விட்டுட்டுப் போன கல்லெல்லாம் இன்னும் அங்கங்க கிடக்கு, அதுக்கு இவங்க வச்சிருக்கற பேரு களைச்சுப்போன கல்லு. "நேத்து எங்க அண்ணன் மாதிரி"ன்னாங்க வீட்டுக்காரம்மா.

ஸ்பானியர்கள் ஜெயிச்ச கதையே படிச்சுப் பழகுன நமக்கு இந்த ஊரு ஒரு ஆறுதல். 1537ல ஸ்பானியத் தளபதி எர்னாந்தோ பிசாரோ குதிரைப் படையோட வந்தான். இன்கா அரசன் மாங்கோ இன்கா மேல தளத்துல இருந்து கல்லும் அம்பும் விட்டது ஒரு பக்கம், ஆத்துத் தண்ணிய வாய்க்கா வழியா திருப்பி விட்டு கீழ சமவெளியையே சேறாக்கிட்டான். குதிரை கால் வைக்க முடியல, ராத்திரியோட ராத்திரியா ஓட்டம் பிடிச்சாங்க. தண்ணி வாட்டம் தெரிஞ்சவன் ஜெயிச்சுட்டான்.

சந்தையில கறுப்பா கூழாங்கல்லு மாதிரி ஒண்ணு குவிச்சு வச்சிருந்தாங்க. என்னன்னு பாத்தா உருளைக்கிழங்கு. ராத்திரிப் பனியில உறைய விட்டு, பகல்ல வெயில்ல போட்டு, காலால மிதிச்சு தண்ணிய எடுத்து, திரும்ப உறைய விட்டுன்னு பல நாள் செஞ்சு காய வைக்கறாங்க. வருஷக் கணக்கா கெடாதாம். நம்ம வத்தல்தான், பனியில போட்ட வத்தல். பேரு சூன்யோ. "ஏனுங், போயும் போயும் இந்தப் பேரா வைப்பாங்க, சூனியம்னு"ன்னு கையில எடுத்ததை வெடுக்குன்னு கீழ போட்டுட்டாங்க.

அதே சந்தையில ஒரு பெரியவர் கோகா இலையைக் கன்னத்துல அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தாரு. மடியில இருந்து சாம்பல் கலர்ல ஒரு கட்டியை எடுத்து நுனியைக் கடிச்சுக்கிட்டாரு, யிப்தான்னு பேரு, கீன்வாத் தண்டைச் சுட்ட சாம்பல். அந்தச் சாம்பல் சேந்தாத்தான் இலை வேலை செய்யும். எங்க ஆத்தா இடுப்புச் சுருக்குப் பையில இருந்து சுண்ணாம்பு டப்பியை எடுக்கற கையசைவு அப்படியே. எனக்கு மூணு இலை எடுத்துக் கொடுத்தாரு, மெல்லறதுக்கு முன்னாடி அந்த மூணையும் விசிறி மாதிரி பிடிச்சு எதிர்த்தாப்ல இருக்கற மலையைப் பாத்து மெதுவா ஊதச் சொன்னாரு. ஊதுனேன். மலைதான் இவங்களுக்கு சாமி, அப்புன்னு கூப்பிடறாங்க. நாக்கு லேசா மரத்துப் போச்சு.

நாள் 5, ரயில்

ரயில்ல ஒண்ணே முக்கால் மணி நேரம், ஆத்தை ஒட்டியே போகுது. வறண்ட மலை போகப் போக காடாயிடுது, கண்ணாடியெல்லாம் ஈரம். மச்சு பிச்சு அடிவாரத்துல அகுவாஸ் கலியென்தெஸ், 2,040 மீட்டர், ஊட்டியை விடக் கீழ. மச்சான் 94. பீட்சா கடை, மசாஜ் கடை, விலை எல்லாம் ரெட்டிப்பு. ஊரைப் பத்தி வேற ஒண்ணும் எழுதத் தோணல. கண்ணுக்கே தெரியாத ஒரு ஈ கணுக்கால்ல கடிச்சு கொப்புளம் கொப்புளமா இருக்கு, அரைக்கால் டவுசர் போட்டுட்டு வராதீங்க.

நாள் 6, மச்சு பிச்சு

டயமாக்ஸ் போட்டுட்டு மச்சு பிச்சு போறவங்க கவனத்துக்கு. உள்ள டாய்லெட் கிடையாது. கேட்டுக்கு வெளியதான். பாதை எல்லாம் ஒன் வே, வெளிய போனா அந்த டிக்கெட் அவ்வளவுதான். நாளைக்குத் திரும்ப குஸ்கோ ஏறணுமேன்னு காலையில கடமையா மாத்திரையைப் போட்டுக்கிட்டேன், காபி வேற குடிச்சேன்.

ஆறரை மணி பஸ். கொண்டை ஊசி வளைவா வளைஞ்சு ஏறுது, கல்லாறு குன்னூர் ரோட்டுல போய்ப் பழகுனவங்களுக்கு ஒண்ணுமில்ல. மேல போனா வெறும் மேகம். பத்தடி தள்ளி இருக்கறவர் தெரியல. சுத்தி 200 பேரு போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வெள்ளையைப் படம் எடுக்கறாங்க. ஒரு யாமா வந்து எல்லாரையும் இடிச்சுத் தள்ளிட்டு புல்லு மேயுது. முக்கால் மணி நேரம் கழிச்சு, கீழ பள்ளத்துல இருந்து காத்து அடிச்சு மேகம் ஒரு ஓரத்துல கிழிஞ்சுது. மொதல்ல ஒரு செவுத்தோட முக்கோண உச்சி. அப்புறம் பச்சைத் திட்டு. அப்புறம் பின்னாடி வய்னா பிச்சு மலை கொம்பு மாதிரி நிக்குது. யாரும் பேசல, ஒரு குழந்தை மட்டும் கைதட்டுச்சு.

1450 வாக்குல பாச்சாகுத்தின்னு ஒரு இன்கா அரசன் கட்டுனது. நூறு வருஷம் கூட ஆள் இருக்கல, விட்டுட்டுப் போயிட்டாங்க, ஸ்பானியர் கண்ணுல படவே இல்ல. 1911ல ஹைரம் பிங்கம்ங்கற அமெரிக்கர் கண்டுபிடிச்சாருன்னு பாடப் புஸ்தகம் சொல்லும். அவரு வந்தப்ப இங்க குடியானவங்க குடும்பத்தோட இருந்து, இந்தத் தளத்துலேயே வெள்ளாமை பண்ணிக்கிட்டு இருந்தாங்க. அதுக்கும் ஒம்பது வருஷம் முன்னாடியே, 1902ல, லிசாராகான்னு பக்கத்து ஊரு விவசாயி வந்து மூணு ஜன்னல் கோயில் செவுத்துல பேரும் வருஷமும் கரியால எழுதி வச்சுட்டுப் போயிட்டாரு. பிங்கம் எடுத்துட்டுப் போன பொருள் யேல் பல்கலைக்கழகத்துல இருந்து திரும்பி வர்றதுக்கு 2011, 2012 ஆயிடுச்சு.

ஆனா எனக்கு அரசன் கதையை விட தண்ணிதான். மலைப் பக்கம் ஊத்து ஒண்ணு, அதுல இருந்து 750 மீட்டருக்கு கல் வாய்க்கா, நிமிஷத்துக்கு 300 லிட்டர் தாங்குற அளவு, ஊருக்குள்ள வந்து வரிசையா 16 தொட்டி, ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குக் குதிச்சுக் குதிச்சு இறங்குது. மொதல் தொட்டி அரசன் வீட்டு வாசல்ல. தலைமடை எப்பவும் பெரிய வீட்டுக்குத்தான், அது எந்த ஊரா இருந்தாலும். மழைத் தண்ணிக்கு தனி வழி. வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டர் கிட்ட மழை, கோவையில பெய்யறதைப் போல மூணு மடங்கு, இந்தச் சரிவுல ஊரே வழிச்சுக்கிட்டுப் போயிருக்கணும். போகல. ஏன்னா ஒவ்வொரு தளத்துக்கும் அடியில கீழ பெரிய கல்லு, மேல ஜல்லி, அதுக்கு மேல மணல், கடைசியா மண்ணு. செவுரு கட்டக் கல்லு செதுக்குன சில்லை எல்லாம் வீணாக்காம நடு மைதானத்துக்கு அடியில கொட்டி வடிகாலாக்கியிருக்காங்க. இதை ஆராஞ்ச கென்னத் ரைட்டுங்கற அமெரிக்க இன்ஜினியர், இங்க நடந்த கட்டுமான வேலையில 60 சதவீதம் தரைக்கு அடியிலன்னு கணக்கு போட்டிருக்காரு. நாம பாத்து வாயைப் பொளக்கறது மிச்சம் நாப்பது.

இதெல்லாம் நான் நின்னு ரசிச்சிருப்பேன். பிரச்சினை என்னன்னா அந்த 16 தொட்டியும் சொர்ர்ன்னு ஊத்திக்கிட்டே இருக்கு. மாத்திரை வேலையைக் காட்ட ஆரம்பிச்சிடுச்சு. கைடு ஒவ்வொரு தொட்டிகிட்டயும் நின்னு விளக்கறாரு, நான் காலை மாத்தி மாத்தி நிக்கறேன், ஆறாவது தொட்டியில எனக்கு வேர்த்துடுச்சு. "என்ன மாப்ள, பம்ப் ப்ரெஷர் ஏறிடுச்சா"ன்னு கேட்டு மச்சான் விழுந்து விழுந்து சிரிக்கறாரு, மூணு நாளைக்கு முன்னாடி மாஸ்க் போட்டுக்கிட்டுக் கிடந்த ஆளு. கடைசி முக்கால் மணி நேரம் நான் மச்சு பிச்சுவைப் பாக்கல. அம்புக்குறியை மட்டும்தான் பாத்தேன்.

நாள் 7, மறுபடி குஸ்கோ

கீழ நாலு நாள் இருந்துட்டு வந்ததுல வித்தியாசம் நல்லாத் தெரியுது. மச்சான் 88, தலைவலி இல்ல. சான் பிளாஸ் பக்கம் போய் அதே 43 படியை ஏறிப் பாத்தேன், வேணும்னே. ஒரே ஒரு தடவை நின்னேன், அதுவும் நாய் குறுக்க வந்ததால.

வாசல்ல நின்னுக்கிட்டு மச்சான் போனைக் காட்டுறாரு, வானவில் மலை வினிகுன்கா, 5,000 மீட்டருக்கு மேல, காலையில மூணு மணிக்கு வண்டி வருதாம். குஸ்கோ வந்த மறுநாளே அங்க கூட்டிட்டுப் போறேன்னு தெருவெல்லாம் போர்டு வச்சிருக்காங்க, அது பைத்தியக்காரத்தனம். வீட்டுக்காரம்மா ஒண்ணும் சொல்லல, "அண்ணா, கோட்டு மேல நடந்து காட்டு"ன்னாங்க. போனை உள்ள வச்சுட்டாரு.

டாக்ஸி எடுத்து சக்சய்வமான் போனோம். இந்தப் பேரை வச்சு எல்லா கைடும் ஒரே இங்கிலீஷ் கடி ஜோக்கை அடிக்கறாங்க, இங்க எழுத மாட்டேன். மூணு அடுக்கா வளைஞ்சு வளைஞ்சு போற கோட்டைச் செவுரு, இருக்கறதுலயே பெரிய கல்லு 100 டன்னுக்கு மேல. பக்கத்துல நின்னா கல்லுங்க எல்லாம் தலையணை மாதிரி உப்பிக்கிட்டு ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு தூங்குற மாதிரி இருக்கு. இப்ப நிக்கறது மிச்சம்தான், தூக்க முடிஞ்ச கல்லை எல்லாம் ஸ்பானியர்கள் கீழ கொண்டு போய் சர்ச்சும் வீடும் கட்டிட்டாங்க.

அப்படித்தான் கொரிகாஞ்சா சூரியன் கோயில் மேலயே கிறிஸ்தவ மடம் கட்டுனாங்க. 1950ல பெரிய நிலநடுக்கம், மேல இருந்த மடத்துல நிறைய இடிஞ்சுது, உள்ள ஒளிஞ்சிருந்த இன்கா செவுரு அப்படியே நின்னுச்சு. செவுரு உள்பக்கமா லேசா சாஞ்சிருக்கு, வாசல் மேல குறுகி கீழ அகலம், ஆட்டினாலும் கல்லு ஆடி ஆடி பழைய இடத்துலயே உக்காந்துக்கும்.

இன்னிக்குத் தங்குற இடம் ஒரு குடும்பம் நடத்துற சின்ன வீடு. அந்த வீட்டம்மாகிட்ட பிரஷர் குக்கர் கேட்டோம், பெரிய குக்கரா கொடுத்தாங்க. வீட்டுக்காரம்மா அரிசியைப் போட்டுட்டு மூணு விசிலுக்குக் காத்துக்கிட்டு நிக்கறாங்க, அது விசிலே அடிக்க மாட்டேங்குது, புஸ்ஸ்ன்னு ஒரே சீரா ஆவி விட்டுக்கிட்டு இருக்கு. "எப்பங்க இறக்கறது"ன்னு தவிச்சுப் போயிட்டாங்க. அந்தம்மா வந்து குக்கர்கிட்ட காதை வச்சு கேட்டுட்டு, தலையை ஆட்டி அணைச்சாங்க. பூ மாதிரி சோறு. பருப்புப் பொடியும் நல்லெண்ணெயும் பிசைஞ்சு அவங்களுக்கும் ஒரு உருண்டை. முழுங்கிட்டு தண்ணி கேட்டாங்க, குடிச்சுட்டு இன்னொரு உருண்டை கேட்டாங்க.

மாத்திரை காலையோட நிறுத்தியாச்சு.

நாள் 8, லிமா

ஏர்போர்ட் வர்ற வழியில மச்சான் சட்டைப் பை, பேன்ட் பை, ரன்னிங் ஷூ உள்ளன்னு எல்லாத்தையும் உதறிக்கிட்டே வந்தாரு. கொக்கெய்ன் போதைப் பொருள் எடுக்கறதே கோகா இலையில இருந்துதான், ஒண்ணே ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்தாலும் அமெரிக்காவுல மாட்டிக்குவோம், டீ பாக்கெட்டுக்குக்கூட அனுமதி கிடையாது. அவங்க ஆபீஸ்ல திடீர் திடீர்னு யூரின் டெஸ்ட் எடுப்பாங்களாம், டீ குடிச்சா கூட காட்டிக் கொடுக்குமான்னு ஃப்ளைட்டு முழுக்க அதே கவலை. காட்டுமாம். நான் சொல்லல.

லிமாவுல இறங்கிப் பையைத் திறந்தா, குஸ்கோவுல பாதி குடிச்சுட்டு மூடி வச்ச தண்ணி பாட்டில் யாரோ கையால கசக்கிப் பிழிஞ்ச மாதிரி ஒட்டிப் போய் கிடக்கு. மூடியைத் திருகுனேன், டப்புன்னு காத்தை உள்ள இழுத்துக்கிட்டு பழையபடி நிமிந்துச்சு. மூணு பேரும் வரிசையா விரலை நீட்டுனோம். 98, 98, 97. மச்சானுக்குத்தான் 97, மறுபடியும் மெஷினைத் தட்டிப் பாக்கறாரு.

ராத்திரி ஃப்ளைட்டுக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்துச்சு. அதே மொத நாள் கடைக்குப் போய் இன்கா கோலா ஒண்ணு வாங்கி, கடைக்காரர் பாத்துக்கிட்டே இருக்கும்போது ஒரே மடக்கா ஊத்துனேன். கேஸ் மூக்குல ஏறி இருமி, கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.